வயதான நாயின் இதய நோயை ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிட முடியுமா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் ஜோகன்னஸ்பர்க்கில் வேலையில் இருக்கிறீர்கள். அம்மா டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டில் தனியாக இருக்கிறார். துணைக்கு 11 வயது மால்டீஸ் பூடில் கலப்பு நாய், ராஜா. தடுப்பூசி போடப் போன இடத்தில் வெட், அதாவது கால்நடை மருத்துவர், ஸ்டெதஸ்கோப் வைத்துவிட்டு, இதயத்தில் மர்மர் என்ற கூடுதல் சத்தம் கேட்கிறது, ஆறில் நான்காம் நிலை என்று சொல்லியிருக்கிறார். ராத்திரியில் இருமலும் இருக்கிறது. எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன், எடுக்கச் சொன்னார்கள், செலவைக் கேட்டதும் அம்மா தயங்குகிறார். ரத்தத்திலேயே இதய நோயைக் காட்டும் பரிசோதனை ஒன்று இருக்கிறதாமே, அதை வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதாதா, பக்கத்தில் மனிதர்களுக்குப் பார்க்கிற லேபிலேயே எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்தில் இருப்பது இவ்வளவுதான். ஆனால் கடைசி வரியில் "ஒருநாள் காலையில் அம்மா எழுந்து பார்க்கும்போது அவன் போயிருந்தால்" என்று எழுதி, பாதியில் விட்டிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்து, இங்கே வந்து தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் தேர்வை எழுதி, 21 வருடமாக டர்பனில் நாய் பூனைகளைப் பார்த்து வருகிறேன். இதய நிபுணர் கிடையாது. ராஜாவைத் தொட்டுப் பார்த்ததும் கிடையாது. அதனால் மாத்திரை, அளவு எதையும் இங்கே சொல்ல மாட்டேன். அது அவனைக் கையில் பிடித்துப் பார்க்கும் வெட் சொல்ல வேண்டியது.

முதலில், சந்தேகமே இல்லாத ஒன்று. இதய நோய் இருக்கிறதா என்பதற்கு ராஜாவைப் பொறுத்தவரை ரத்தம் எடுக்க வேண்டியதே இல்லை, அதை ஸ்டெதஸ்கோப் ஏற்கெனவே சொல்லிவிட்டது. நாய்களுக்கு வரும் இதய நோயில் முக்கால் பங்கு ஒரே நோய்: இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு வயதாக ஆகத் தடித்து, ஓரம் சுருண்டு, சரியாக மூடாமல் போவது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னால் கசியும், அந்தச் சத்தம்தான் மர்மர். மால்டீஸ், பூடில், டாக்ஸ்ஹண்ட், சிவாவா, கவலியர் ஸ்பானியல் போன்ற சின்ன ஜாதிகளில் இது சர்வ சாதாரணம். 11 வயது, சின்ன உடம்பு, இடப்பக்கம் உரக்கக் கேட்கும் மர்மர் என்றால், நூற்றில் தொண்ணூறுக்கு மேல் இதுவாகத்தான் இருக்கும் என்று எக்கோ பார்க்காமலே நான் சொல்வேன். இதைக் கேட்டு அம்மா பயப்பட வேண்டாம். வால்வு கசிந்தாலும் இதயம் பெரிதாகாமல், மூச்சு வாங்காமல், வருடக்கணக்கில் ஓடி விளையாடி, வேறு காரணத்தால் வயது முடிந்து போகும் நாய்கள் ஏராளம்.

அப்படியானால் தெரியாமல் இருப்பது எது? கசிவு இதயத்தை எவ்வளவு தூரம் சிரமப்படுத்தியிருக்கிறது என்பதும், அந்த இருமல் இதயத்தால் வருகிறதா என்பதும்தான். ரத்தப் பரிசோதனை பயன்படுவது இந்த இடத்தில்.

அந்தப் பரிசோதனையின் பெயர் என்டி-புரோபிஎன்பி. 1981இல் கனடாவில் எலியின் இதய மேலறைத் தசையை அரைத்து வடிகட்டி இன்னொரு எலிக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். சில நிமிடங்களில் அந்த எலி ஏராளமாக உப்பும் நீரும் கழித்தது. ரத்தத்தைத் தள்ளுகிற இதயம், உப்பை வெளியேற்றும் ஹார்மோனையும் தானே சுரக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. 1988இல் ஜப்பானில் பன்றியின் மூளையில் அதற்குத் தம்பி மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பிஎன்பி என்ற பெயரின் முதல் எழுத்து மூளையைக் குறிப்பது அதனால்தான், ஆனால் அது அதிகமாக வருவது இதயத்திலிருந்து. இதயச் சுவர் அளவுக்கு மீறி இழுபடும்போது தசை இந்த ஹார்மோனைப் பெரிய துண்டாகச் செய்து இரண்டாக வெட்டி ரத்தத்தில் விடும். வேலை செய்யும் துண்டு நிமிடங்களில் மறைந்துவிடும். வேலையில்லாத மறுதுண்டு கூடுதல் நேரம் தங்கும், லேபில் அளப்பது அதைத்தான். ஆக, இந்த எண் சொல்வது இதயச் சுவர் இழுபடுகிறது என்பதை மட்டும். எந்த வால்வு, என்ன நோய் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இது மிக நன்றாக வேலை செய்யும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. மூச்சு வாங்கும், இருமும் நாய் ஒன்று மேசை மேல் நிற்கிறது. காரணம் இதயமா, நுரையீரலா? அப்போது லிட்டருக்கு 900 பிகோமோலுக்குக் கீழே வந்தால், இதயம் செயலிழந்து நுரையீரலில் நீர் கோத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1800க்கு மேலே போனால் இதயத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நடுவில் வந்தால் இரண்டு பக்கமும் பேசும், எக்ஸ்ரேயும் எக்கோவும்தான் தீர்ப்புச் சொல்லும். சின்ன நாய்களுக்கு மர்மரும் இருமலும் சேர்ந்தே இருக்கும், ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கும். மால்டீஸ், பூடில் வகைகளுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாகும் தொந்தரவு அதிகம். வாத்து கத்துவது போல வறண்ட இருமல், கழுத்துப்பட்டையை இழுத்தாலோ, வீட்டுக்கு ஆள் வந்து குதித்தாலோ கிளம்பும். அதற்கு நீர் மாத்திரை (உடம்பின் நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) கொடுத்தால் பலன் இல்லை, சிறுநீரகம்தான் வறளும். நுரையீரலில் நீர் கோத்த நாய் இருமுவதைவிட மூச்சை வேகமாக இழுப்பதுதான் அதிகம். அதனால் ராஜாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று அம்மாவின் போனில் ஒரு வீடியோ எடுத்து வெட்டிடம் காட்டுங்கள். நான் வார்த்தையில் எழுதும் எதையும்விட அது உதவும்.

இனி, உங்கள் கேள்வியில் இருக்கும் "வருடத்துக்கு ஒருமுறை" என்ற விஷயம். இங்கே நிச்சயம் குறைகிறது. வால்வு நோய் இருக்கும், இன்னும் மூச்சு வாங்காத நாயில் இந்த எண் 1500ஐத் தாண்டினால், அடுத்த ஒரு வருடத்துக்குள் இதயச் செயலிழப்பு வரும் அபாயம் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அது கூட்டமாகப் பல நாய்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு, ஒரு ராஜாவுக்கு நாள் குறித்துக் கொடுக்காது. ஆரோக்கியமான நாயிலேயே இந்த எண் வாரத்துக்கு வாரம் நிறைய ஏறி இறங்கும். போன வருடம் 700, இந்த வருடம் 950 என்றால் நோய் கூடிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 700 இருந்தது 1600 ஆனால் உட்கார்ந்து பேச வேண்டும். மர்மரே இல்லாத, நன்றாக இருக்கும் நாய்க்கு இதைச் சும்மா எடுத்துப் பார்ப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. அங்கே கிடைப்பது பெரும்பாலும் பொய்யான பயம் அல்லது பொய்யான நிம்மதி.

மருந்து எப்போது தொடங்குவது என்பதற்கும் இந்த எண் தனியாகப் பதில் சொல்லாது. 2016இல் வெளியான எபிக் என்ற பெரிய ஆய்வில் 360 நாய்களைச் சேர்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மர்மர் இருந்தது, இதயமும் பெரிதாகியிருந்தது, ஆனால் மூச்சுத் தொந்தரவு இன்னும் வரவில்லை. பாதி நாய்களுக்குப் பிமோபெண்டன் என்ற இதய மாத்திரை கொடுத்தார்கள். அந்த நாய்களுக்குச் செயலிழப்பு வரும் நாள் சராசரியாகப் பதினைந்து மாதம் தள்ளிப்போனது. நாயின் வாழ்க்கையில் பதினைந்து மாதம் என்பது கொஞ்சம் அல்ல. ஆனால் பலன் நிரூபிக்கப்பட்டது இதயம் பெரிதான நாய்களுக்கு மட்டும். பெரிதாகாத இதயத்துக்கு அந்த மாத்திரையை முன்கூட்டியே கொடுத்தால் நல்லது என்பதற்கு ஆதாரம் இல்லை. இதயம் பெரிதாகியிருக்கிறதா என்பதை ரத்தம் ஊகிக்க மட்டும் செய்யும், எக்கோ அளந்து சொல்லும். அதனால்தான் உங்கள் வெட் எக்கோ கேட்கிறார். கேட்டது நியாயம்தான்.

எண்ணைப் பிழையாக்கும் காரணங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீரகம் பழுதானால் இந்தத் துண்டு வெளியேறாமல் தேங்கி, இதயம் நன்றாக இருக்கும்போதே எண் உயரும். பதினொரு வயதில் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்க்காமல் இதை மட்டும் எடுப்பதில் அர்த்தம் இல்லை. நுரையீரல் ரத்த அழுத்தம் கூடினாலும் உயரும். லாப்ரடார், கிரேஹவுண்ட் போன்ற சில ஜாதிகளுக்கு இயல்பிலேயே கொஞ்சம் அதிகம். நீர் மாத்திரை தொடங்கிய பிறகு எடுத்தால் குறைந்து காட்டும். ரத்தத்தை ஊதா மூடிக் குழாயில் எடுத்து, சீக்கிரமே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். பிப்ரவரி மாத டர்பன் வெயிலில், கூரியர் வண்டியில் அரைநாள் கிடந்த குழாயில் அந்தப் புரதம் சிதைந்து, நோயாளி நாய்க்குக்கூட நல்ல எண் வந்துவிடலாம். அதனால் எங்கள் கிளினிக்கில் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் இதற்கு ரத்தம் எடுப்பதே இல்லை. இன்னொன்று, கிளினிக்கில் வைத்திருக்கும் சின்ன இயந்திரத்தில் வந்த எண்ணையும் வெளி லேபில் வந்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுத்தால்தான் ஏற்றமா இறக்கமா என்று பேச முடியும்.

மனிதர்களின் லேபில் எடுக்கலாமா என்றால், இந்தப் பரிசோதனையை எடுக்க முடியாது. நாயின் புரதத்தில் அமினோ அமிலங்களின் வரிசை வேறு, மனிதக் கிட் அதை அடையாளம் காணாது. எண் ஒன்று வரும், ஆனால் அதற்குப் பொருள் இருக்காது. தெரிந்தவர் லேபில் இருக்கிறார், குறைந்த விலைக்குச் செய்து தருகிறார் என்று சொன்னாலும் வேண்டாம்.

ட்ரோபோனின் ஐ என்ற இன்னொரு பரிசோதனையும் காதில் விழுந்திருக்கும், மனிதர்களுக்கு மாரடைப்பில் எடுப்பது. அந்தப் புரதம் மனிதனுக்கும் நாய்க்கும் ஏறக்குறைய ஒன்றே, அதனால் மனிதக் கிட் நாயிலும் ஓரளவு படிக்கும். ஆனால் அது சொல்லும் செய்தி வேறு: இதயத் தசை செல்கள் சேதமாகின்றன என்பது. சேதத்துக்குக் காரணம் இதயத்துக்கு வெளியிலும் இருக்கும். நம் ஊரில் அதை மறக்கக்கூடாது, ஏனென்றால் குவாசுலு-நட்டாலில் உண்ணி கடித்து வரும் பிலியரி நோய் எங்கும் இருக்கிறது. இங்கே அதை உண்டாக்கும் பபீசியா ரோசி என்ற ரத்த ஒட்டுண்ணி, மற்ற நாடுகளின் பபீசியாவைவிடக் கொடியது. அது இதயத் தசையையும் தாக்கும். பிரிட்டோரியா பக்கத்தில் உள்ள ஒண்டர்ஸ்டெபோர்ட் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் பிலியரி நாய்களின் ட்ரோபோனினையும் இசிஜியையும் பார்த்து இதை எழுதியிருக்கிறார்கள். கர்ப்பப்பையில் சீழ், ரத்தத்தில் கிருமி, சிறுநீரகப் பழுது, வயிறு முறுக்கிக்கொள்வது என எல்லாமே ட்ரோபோனினை ஏற்றும். ராஜா மாதிரி மெதுவாகக் கசியும் வால்வுக்கு இதை நான் முதலில் எடுக்க மாட்டேன்.

பெரிய நாய்களின் கதை வேறு என்பதால், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். டாபர்மேனுக்கு வருவது வால்வு நோய் இல்லை, தசையே மெலிந்து விரியும் நோய். வெளியே எதுவும் தெரியாமல் வருடக்கணக்கில் உள்ளே வளரும். அங்கே ரத்தத்துக்கு இடம் உண்டு: 735க்கு மேல் என்டி-புரோபிஎன்பி, அல்லது மில்லிலிட்டருக்கு 0.22 நானோகிராமுக்கு மேல் ட்ரோபோனின் வந்தால் மேற்கொண்டு பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அதே நோய் முதலில் துடிப்புக் கோளாறாக மட்டும் தலைகாட்டும்போது இந்த எண்கள் ஏமாற்றிவிடும். 24 மணி நேரம் மார்பில் கட்டி வைக்கும் ஹோல்டர்தான் அப்போது பிடிக்கும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் கற்கவில்லை. பல வருடங்களுக்கு முன் எட்டு வயது பாக்சர் ஒன்றை டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து கொண்டுவந்தார்கள். படி ஏறும்போது ஒருதரம் சாய்ந்து விழுந்து, உடனே எழுந்துவிட்டது என்றார்கள். மர்மர் இல்லை. ரத்தம் எடுத்தேன், எண் 600க்குள் இருந்தது. "இதயம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பினேன். ஆறு வாரம் கழித்துத் தோட்டத்தில் பந்தை எடுக்க ஓடிய இடத்தில் விழுந்தது, எழவில்லை. பாக்சர்களுக்கு என்றே ஒரு துடிப்புக் கோளாறு இருக்கிறது, அதில் இதயச் சுவர் இழுபடாமலே மின்சாரம் மட்டும் தடுமாறும். இழுபடாத இதயத்தின் ரத்தத்தில் இந்த எண் ஏன் ஏறப்போகிறது? நான் தவறான கேள்வியை நல்ல பரிசோதனையிடம் கேட்டேன். அந்த வீட்டுத் தாத்தா பந்தைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் பேசினார். மயங்கி விழுந்த எந்த நாயையும் அதற்குப் பிறகு இசிஜி இல்லாமல் நான் வீட்டுக்கு அனுப்பியதில்லை. ராஜா எப்போதாவது அப்படிச் சாய்ந்திருந்தால், மேலே நான் சொன்ன நிதானம் எதுவும் பொருந்தாது, உடனே கொண்டு போங்கள்.

சரி, ராஜாவுக்கு என்ன செய்வது? பணம் ஒரு பொருட்டில்லை என்றால் எக்கோவும் எக்ஸ்ரேயும் சேர்த்து எடுக்கச் சொல்வேன். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், இருமுகிற சின்ன நாய்க்கு நான் மார்பு எக்ஸ்ரேயைத் தேர்ந்தெடுப்பேன், ரத்தத்தை அதற்குப் பிறகுதான் வைப்பேன். ஒரே படத்தில் மூச்சுக்குழாய், நுரையீரல், இதயம் மூன்றும் தெரியும். இதயத்தின் நீளத்தையும் அகலத்தையும் அந்த நாயின் முதுகெலும்புத் துண்டுகளை வைத்தே அளப்போம், தையல்காரர் சாண் போட்டு அளப்பது போல. பெரும்பாலான நாய்களுக்கு அது பத்தரைத் துண்டுக்குள் அடங்கும். பதினொன்றரையோ அதற்கு மேலோ வந்தால், எக்கோ எடுக்க வழியில்லாத வீட்டில் அதை வைத்தே மருந்து தொடங்கலாம் என்று இதய நிபுணர்களின் 2019 வழிகாட்டுதலே இடம் கொடுக்கிறது. பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், அல்லது நுரையீரல் மங்கலாகத் தெரிந்து காரணம் புரியாவிட்டால், அப்போது என்டி-புரோபிஎன்பியும் சிறுநீரகப் பரிசோதனையும் சேர்த்து எடுங்கள். எண் உயர்ந்து வந்தால் எக்கோவுக்குப் பணம் சேர்ப்பது அவசரம், தாழ்ந்து வந்தால் ஆறு மாதம் பொறுத்து மறுபடி பார்க்கலாம்.

காசே செலவில்லாத ஒன்று அம்மாவின் கையில் இருக்கிறது. நான் சொன்ன அத்தனையிலும் எனக்கு அதிக நம்பிக்கை அதில்தான். ராஜா நன்றாகத் தூங்கட்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவன் விலா மேலே எழுந்து கீழே இறங்குவதை ஒன்று என்று எண்ண வேண்டும். முப்பது வினாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். கால் துடித்து, உதடு அசைந்து கனவு காணும்போது எண்ணக்கூடாது. உச்சி வெயிலில் எண்ணக்கூடாது. கையை அவன் மேல் வைக்காமல் கண்ணாலேயே பார்க்க வேண்டும், தொட்டால் விழித்துக்கொள்வான். இதயம் தாக்குப் பிடிக்கிற நாய் தூக்கத்தில் நிமிடத்துக்கு முப்பதுக்குள்தான் மூச்சு விடும், பல நாய்கள் இருபதுக்குப் பக்கத்தில். முதல் இரண்டு வாரம் தினமும் எண்ணி, சமையலறையில் தொங்கும் காலண்டரில் தேதிக்குக் கீழே எழுதச் சொல்லுங்கள், ராஜாவின் இயல்பு எண் எது என்று தெரிந்துவிடும். பிறகு வாரத்துக்கு இரண்டு முறை போதும். பதினெட்டு, பத்தொன்பது என்று மாதக்கணக்கில் போனது இருபத்தாறு, இருபத்தொன்பது என்று ஏறத் தொடங்கினால், முப்பதைத் தொடும் வரை காத்திருக்காமல் வெட்டுக்குப் போன் செய்யலாம். நுரையீரலில் நீர் சேர்வதை என் அனுபவத்தில் எந்த லேபும் இவ்வளவு சீக்கிரம் சொன்னதில்லை.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நம் வீடுகள் எனக்குத் தெரியும். பிரியாணியில் மிஞ்சியதும், ஒரு துண்டு பில்டாங்கும் (உப்புப் போட்டு உலர்த்திய இறைச்சி), பொலோனியும் (சாசேஜ் மாதிரி இறைச்சி) அவனுக்கும் போகும். பில்டாங்கிலும் பொலோனியிலும் உப்பு கொட்டிக் கிடக்கிறது, கசியும் வால்வுக்கு அது வேண்டாத சுமை. வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், ரத்தசோகை வந்தால் இதயம் இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கும். உப்பும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்த கோழித் துண்டு கொடுத்தால் அம்மாவின் மனமும் நிறையும், அவனுக்கும் கெடுதல் இல்லை. கழுத்துப்பட்டையை மாற்றி மார்போடு மாட்டும் பட்டை வாங்குங்கள், இருமல் மூச்சுக்குழாயில் இருந்தால் அதிலேயே பாதி அடங்கும். தீபாவளி இரவில் அவனை உள் அறையில், திரை போட்டு, ரேடியோ ஓடவிட்டு, அம்மாவோடு இருக்கவிடுங்கள்.

நீங்கள் பாதியில் விட்ட அந்த வரிக்கு வருகிறேன். வால்வு நோயில் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே இரவில் போய்விடுவது நடக்கும், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது அபூர்வம். பெரும்பாலும் முதலில் மூச்சு எண்ணிக்கை ஏறும், படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருக்கும், ராத்திரியில் இடம் மாற்றி மாற்றிப் படுக்கும். அப்போது கொண்டுவந்த நாய்களில் பல மறுநாள் காலையில் வாலாட்டியபடி வீட்டுக்குப் போயிருக்கின்றன. அதனால் அம்மாவிடம் இதை மட்டும் எழுதிக் கொடுங்கள்: தூக்கத்தில் முப்பதுக்கு மேல் வந்தால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எண்ண வேண்டும். அப்போதும் முப்பதுக்கு மேல் இருந்தால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. வயிற்றை எக்கி எக்கி மூச்சு விட்டாலோ, ஈறு சாம்பலாகவோ நீலமாகவோ தெரிந்தாலோ மறுபடி எண்ணவே வேண்டாம், அப்படியே கிளம்ப வேண்டும். இரவில் திறந்திருக்கும் கிளினிக்கின் எண்ணையும், கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் அந்தக் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். போகும்போது காலண்டரையும் கழற்றி எடுத்துக்கொண்டு போகட்டும், பணியில் இருக்கும் வெட் முதலில் அதைத்தான் கேட்பார்.